சீனித்தாயின் சம்மதம்

மலையடிவாரத்து மடத்தின் சுவாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர்களில் மூத்தவர் திருமேனிநாதன், ஓய்வுபெறப் போகும் சார்பதிவாளர். பத்திரப்பதிவு ஆபீசில் எல்லோரையும் நிற்கவைத்தே பேசுகிறவர், மடத்துக்குள் வந்தால் பூனையாகிவிடுவார்.

அன்று ஆபீஸ் நேரத்திலேயே வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. சுவாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“சாமி, ஒரு பத்திரம் வந்திருக்கு. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பயமா இருக்கு.”

“என்ன பத்திரம்?”

“விடுதலைப் பத்திரம். சீனித்தாய்னு ஒரு அம்மா. புருஷன் செத்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. தன் பங்கு நிலம் முழுசையும் கொழுந்தனுக்கு விட்டுக்கொடுக்குது.”

“அந்த அம்மா என்ன சொல்லுது?”

“நான் நேர்ல பார்க்கலை சாமி. இப்ப யாரும் ஆபீசுக்கு வரவேண்டியதில்லை. வீட்டிலிருந்தே பதிவு பண்ணிக்கலாம்.”

நல்ல திட்டம்தான். ஜனங்கள் வெயிலில் காத்துக் கிடப்பது ஒழிந்தது, புரோக்கர் தொல்லையும் ஒழிந்தது. தொடக்க விழாவில் அதைப் புகழ்ந்து பேசி, சால்வை வாங்கிக்கொண்டவரே திருமேனிநாதன்தான்.

“கைரேகை பொருந்துது, முகம் பொருந்துது. சம்மதமான்னு கம்ப்யூட்டர் கேட்டதுக்குச் சம்மதம்னு சொல்லியிருக்கு. வீடியோ பார்த்தேன். சொல்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பக்கத்துல பார்க்குது. அங்க யார் நிக்கிறாங்கன்னு படத்துல தெரியலை. அதைப் பார்த்ததிலேருந்து எனக்குச் சோறு இறங்கலை.”

“முன்னெல்லாம் என்ன செய்வீங்க?”

“கொழுந்தனை ஜெராக்ஸ் எடுத்துட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பிடுவேன். அப்புறம் அந்த அம்மாவைத் தனியாக் கேட்பேன். சில பேர் அப்பத்தான் அழுவாங்க.”

“அழுதா?”

“பத்திரத்துல ஏதோ குறைன்னு திருப்பிக் கொடுத்துடுவேன். பொறந்த வீட்டு ஆள் யாரையாவது கூட்டிட்டு வரச் சொல்லுவேன்.”

சுவாமி வாளியைக் கீழே வைத்தார்.

“உங்க போனைக் கொடுங்க.”

கொடுத்தார். சுவாமி சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். மண்வெட்டி பிடித்துப் பழகிய கை அது. திருமேனிநாதனால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை. குருவுக்கு என்ன ஆயிற்று, அடித்துவிடுவாரோ என்று நடுங்கிப்போனார். சுவாமி அவருடைய கட்டைவிரலைப் போனின்மேல் வைத்து அழுத்தினார். போன் திறந்துகொண்டது.

“யார் திறந்தது?”

“நீங்க.”

“போன் யாருன்னு நினைக்குது?”

“நான்னு.”

சுவாமி கையை விட்டார். மணிக்கட்டு சிவந்திருந்தது. திருமேனிநாதன் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

“சாயங்காலத்துக்குள்ள ஒப்புதல் கொடுக்கணும் சாமி. எல்லாம் பொருந்தியும் ஏன் நிறுத்தி வச்சேன்னு மேலே கேட்பாங்க. பக்கத்துல பார்த்துச்சுன்னு எழுதினா சிரிப்பாங்க. ரிடையர் ஆகிற நேரத்துல சஸ்பெண்ட் பண்ணிட்டா என் குடும்பம் என்ன ஆகும்? நினைச்சாலே பயமா இருக்கு.”

“இருக்கத்தான் செய்யும்,” என்றார் சுவாமி. “பயமா இருக்குன்னு சொல்ல உங்களுக்கு நான் இருக்கேன், பஸ் ஏறி வந்துட்டீங்க. சீனித்தாய் யார்கிட்ட போய்ச் சொல்லும்?”