குருட்டுக் கொக்கின் முதுகில் ஒட்டிய மண்

அந்தக் காலத்தில், பறவைகள் மனுஷரோடு வாய் ஓயாமல் பேசித் திரிந்தபோது, குருட்டுக் கொக்குக்கு உடம்பெல்லாம் வெள்ளை. அதை யாரும் குருடு என்று சொன்னதும் இல்லை.

தேரிக்காட்டு ஓரமாக ஒரு கால்வாய் ஓடியது. தேரி என்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மணல்தான். எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிட்டு மறுபடியும் தாகம் என்று நிற்கும். அந்தக் கால்வாய்க்கரைக்குக் காவல் ஆவுடையாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிசு. கரையில் நண்டு போட்ட வளை வழியே தண்ணீர் கசிந்து, மணல் பள்ளத்தில் தேங்கி, கோரை முளைத்து, சின்னக் குளமே ஆகிவிட்டது. முக்குளிப்பான் வந்தது. தாழைக்கோழி குடும்பத்தோடு குடியேறியது. கொக்கு உடைமரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது.

கடைமடை வயல்காரர்களுக்கு வயிறு எரிந்தது. நெற்பயிருக்குள் கதிர் திரண்டு பொதிகட்டும் நேரம், அவர்கள் தண்ணீர் மணலுக்குப் போகிறதே! ஆவுடையாளுக்கும் அங்கேதான் ஒரு துண்டு வயல். வளையை அடைக்க மண்வெட்டியோடு இறங்கினாள்.

“அக்கா, அடைச்சிராதே!” என்று கொக்கு குறுக்கே வந்து நின்றது. “குளம் வத்திட்டா மீன் இல்ல. என் பிள்ளைகளுக்கு இன்னும் றெக்க முளைக்கல. அதுகளை வச்சுக்கிட்டு எங்க போவேன்?”

“எனக்கும் ரெண்டு இருக்குல்லா? அதுக வாயில மணலையா அள்ளிப் போட?”

கூட்டில் குஞ்சுகள் பசியில் கத்தின. பசித்த பிள்ளையின் குரல், அது யார் பிள்ளையானாலும், ஆவுடையாளுக்குத் தாங்காது.

“சரி, தொலை. கசியுற மட்டும் கசியட்டும். வளை பெருசாச்சுன்னா கரையே போயிரும். அப்புறம் என் வயலும் இல்ல, உன் குளமும் இல்ல. நீதான் காவல், ஆமா.”

“கண்ணு மூடாம பாத்துக்கிடுதேன் அக்கா.”

ஒரு நாள் மதியம், மேற்கே மலையில் பெய்த மழை கால்வாயில் கரைதொட்டு வந்தது. வளை வாய் பிளந்தது. கொக்கு ஒரு கத்துக் கத்திவிட்டு, றெக்கையை இறுக மடக்கி, தன் உடம்பையே வளைக்குள் திணித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு ஆவுடையாள் ஓடி வந்தாள். சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கொக்கைக் காணோம். “காவல் காத்த லட்சணத்தைப் பாரு! பறந்துட்டா மகராசி!” என்று திட்டிக்கொண்டே களிமண்ணைக் கூடை கூடையாக வளைமேல் கொட்டி அப்பினாள். தண்ணீர் அடங்கியது. அடுத்த கூடையைத் தூக்கும்போதுதான், மண்ணுக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் கண்கள் தன்னையே பார்ப்பதைக் கண்டாள்.

கூடை கைநழுவி விழுந்தது. “அடி பாவி, நீயா! ஒதுங்கியிருக்கக் கூடாதா?”

“ஒதுங்கினா கரை உடைஞ்சிருமே,” என்று கொக்கு முனகியது. “வந்தது நீதான்னு தெரிஞ்சுது. எப்படியும் நீ என்னைப் பாத்துருவேன்னு நின்னுட்டேன்.”

ஆவுடையாள் ஓவென்று அழுதாள். அழுதபடியே கல்லையும் பனையோலையையும் சுற்றிலும் திணித்து, கொக்கை மெள்ள உருவி எடுத்தாள். மடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முதுகில் ஏறிய மண் போகவே இல்லை. கூட்டில் கொண்டு விட்டதும் குஞ்சுகள் முண்டியடித்து அம்மாவை ஒட்டிக்கொள்ள, அதுகள் மேலும் மண். இறுக மடக்கிய றெக்கைக்குள் மட்டும் வெள்ளை அப்படியே இருந்தது.

வெள்ளம் வடிந்தபின் கரையைப் பலமாகக் கட்டினாள். ஆனால் நண்டு வளை அளவுக்கு ஒரு கசிவை விட்டுவைத்தாள். சண்டைக்கு வந்தவர்களிடம், “உங்க வயலைக் காப்பாத்தின கொக்குக்கு இந்தத் தண்ணிகூட இல்லையாக்கும்?” என்றாள். வந்தவர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

அன்று முதல்தான் அந்தக் கொக்கு உட்கார்ந்தால் மண்கட்டி போல இருக்கிறது, பறந்தால் வெள்ளையாகிவிடுகிறது. நாம் பக்கத்தில் போகும்வரை அசையாமல் நிற்பதால் குருட்டுக் கொக்கு என்கிறோம். அதுக்குக் கண்ணெல்லாம் நன்றாகத்தான் தெரியும். வருவது ஆவுடையாளாக இருக்குமோ என்று கடைசிவரை பார்த்துக்கொண்டு நிற்கிறது.