நுரைக்காத கிணறு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். அடுப்பின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யவும் தயார். கொண்டுவாருங்கள் அடுப்பை. அத்தனையும் நடந்தது.

"அம்மா, பிள்ளை மனசு உடையாம எப்படி நிறுத்தறது?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

கேட்டது மண்டபத்தம்மாளிடம். குன்றின் அடியில் இடிந்த மண்டபத்தில் இருந்தவள். அவளுக்கு இவன் ஒருவன்தான் சீடன். மற்றவர்கள், இவள் எப்போது பேசுவாள் என்று காத்திருந்து நரைத்துப்போய்த் திரும்பிவிட்டார்கள்.

"எதை நிறுத்தணும்?"

"சோப்பு வாங்குறத."

ஆவுடையப்பன் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடுகிறவன். கல்யாண மண்டபக்காரர்களே பாத்திரமெல்லாம் வைத்துக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து கடை படுத்துவிட்டது. பிள்ளையாவது பன்னிரண்டு வயதுக்குள் வியாபாரம் பழகட்டும் என்று, மகள் கயலை ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்த்தான். 'குட்டி முதலாளிகள்' என்று வாசலில் பலகை. அவள் சோப்புக் காய்ச்சக் கற்றுக்கொண்டாள். மாதக் கடைசியில் பிள்ளைகள் போடும் சந்தை.

"முதல் சந்தையில ஒண்ணுகூடப் போகலம்மா. சாயங்காலம் வரைக்கும் நின்னா. வீட்டுக்கு வந்தா, சுவரப் பாத்துப் படுத்துட்டா. சோறு வேண்டாம்னுட்டா."

"நீ?"

"அடுத்த சந்தைக்கு எதுத்த வீட்டுக்காரர் கையில காசக் கொடுத்து வாங்கச் சொன்னேன்."

"அப்புறம்?"

"தெருவே வாங்குச்சு. எல்லாம் என் காசு. வாங்கி எங்கிட்டயே கொடுத்துருவாங்க."

"பிள்ளை கைக்கு வந்த காசு?"

"வகுப்பு மாஸ்டர் வாங்கிக்குவார். அடுத்த பாடத்துக்குக் கட்டணம்."

அம்மாள் கொட்டாவி விட்டாள்.

"கோப்பை கொடுத்திருக்காங்கம்மா. சிறந்த குட்டி முதலாளின்னு."

"மாஸ்டர் அந்தச் சோப்புல ஒருநாளாவது குளிச்சாரா?"

"அவர் எவ்வளவு வித்துதுன்னுதான் பாப்பார்."

அந்தக் கோப்பைக்காக ஆவுடையப்பன் அண்டாக்களை விற்றிருந்தான். பிறகு நாற்காலிகள், ஜமுக்காளங்கள், சாம்பார் வாளிகள். கடையில் இப்போது ஒரே ஒரு கரண்டி தொங்குகிறது. காற்றடித்தால் சுவரில் தட்டி, கடை திறந்திருக்கிறது என்று ஊருக்கு அதுதான் சொல்கிறது.

"நாளைக்குப் பெரிய சந்தைம்மா. கூடம் முழுக்க சோப்பு அடுக்கி வச்சிருக்கா. கரண்டிய எவன் வாங்குவான்? நாளைக்கு ஒண்ணும் போகலன்னா மறுபடியும் சுவரப் பாத்துப் படுத்துக்குவா. அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. உண்மையச் சொல்லவும் தெம்பு இல்ல."

அழுதான். அம்மாள் தடுக்கவில்லை. மண்டபத்தில் கண்ணீர் துடைக்கத் துணியும் கிடையாது.

"வாங்குன சோப்பையெல்லாம் என்ன செஞ்ச?"

"ஊருக்கு வெளிய பாழுங்கிணறு இருக்குல்ல."

"ம்."

"அதுல."

அம்மாள் தூணடியில் இருந்த ஓணான் ஒன்றைப் பார்த்தாள்.

"போன வருஷ ஐப்பசி மழைக்கு அந்தக் கிணறு என்ன செஞ்சுது?"

அழுகையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. வராமல் என்ன? கிணறு பொங்கி, நுரை தெருவுக்குள் நடந்து வந்தது. நானே இடுப்பளவு நுரையில் நின்றேன். நுரைக்குள் போன கன்றுக்குட்டி ஒன்று மூன்றாம் நாள் வெளியே வந்தபோது, வாசனை தாங்காமல் அதன் தாயே அதைச் சேர்க்க மறுத்தது. கிணற்றில் ஏதோ தெய்வம் குளிக்கிறது என்று ஊர் கற்பூரம் ஏற்றியது.

"இந்த ஐப்பசிக்கு?" என்றாள் அம்மாள்.

ஆவுடையப்பன் சிரிப்பை நிறுத்தினான்.

இந்த வருஷம் இன்னும் பெரிய மழை. கிணறு நிரம்பி வழிந்தது. தெருவுக்குத் தண்ணீர் வந்தது.

வெறும் தண்ணீர். கலங்கல்.

அவன் சட்டைப்பையில் கயல் செய்த சோப்பு ஒன்று இருந்தது. மண்டபத்துக் கல்தொட்டியில் கையை நனைத்துத் தேய்த்தான். வெட்டிவேர் மணத்தது. நுரை வரவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தான். விரலிடுக்கில் சிவப்பாய் வழிந்தது.

"களிமண்ணு," என்றான்.

"வெட்டிவேர்ப் பொடி போட்டது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் பொண்ணு வெள்ளிக்கிழமை வந்தா."

"கயலா? இங்கயா?"

"ஒருநாள் கிணறு வரைக்கும் உன் பின்னாலேயே நடந்திருக்கா. கிணத்துக்குப் போற சோப்புக்கு எதுக்குத் தேங்காயெண்ணெயை வீணாக்கணும்னு எங்கிட்டக் கேட்டா. எனக்குப் பதில் தெரியல."

ஆவுடையப்பன் தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"தெரிஞ்சுமா ஒரு வருஷமா மண்ணப் பிசைஞ்சுட்டு இருந்தா? விட்டுத் தொலைச்சிருக்கலாமே."

"அவ வித்துட்டு வந்த அன்னிக்கு நீ சிரிச்சியாம். கடை படுத்த பிறகு அதுதான் முதல் தடவையாம்."

அவன் கையிலிருந்த களிமண்ணை உருட்டினான்.

"செய்யறத நிறுத்தினா நீ சுவரப் பாத்துப் படுத்துருவியாம்."

ஓணான் தூணில் ஏறி மறுபக்கம் போய்விட்டது.

"எதுக்கு வந்தா?"

"அப்பா மனசு உடையாம எப்படி நிறுத்தறதுன்னு கேக்க."

அவன் கேட்டான்: "நீங்க என்ன சொன்னீங்க?"

அம்மாள் எழுந்து தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சோப்பை எடுத்துவந்தாள். தொட்டியில் கை நனைத்து ஒருமுறை தேய்த்தாள். முழங்கை வரை வெள்ளை வெளேரென்று பொங்கியது.

"இது?"

"போகும்போது எனக்கு வித்துட்டுப் போனா. குறைச்சுக் கேட்டேன். வேணும்னா வாங்குங்க, இல்லன்னா விடுங்கன்னுட்டா."

ஆவுடையப்பன் அந்த நுரையையே பார்த்தான். சேறு படிந்த கையை நீட்டினான்.

"அதை எங்கிட்டக் கொடுங்கம்மா. ஒரு தடவை தேச்சுப் பாத்துட்டுத் தரேன்."

அம்மாள் சோப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அப்பா கையில மட்டும் கொடுத்துராதீங்க, கிணத்துல போட்டுருவாங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

இதை உங்களுக்கு யார் சொன்னது என்று எவராவது கேட்டால், காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். நான் இன்னும் அந்தக் கரண்டியைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.