விருந்தாளி இலை

காற்று திரும்பிவிட்டது. கடலுக்கு அப்பால் இருக்கும் கோட்டைக்குக் கப்பல் விடுகிற காலம். துறையில் பாய் தைக்கிறவர்களும் கயிறு முறுக்குகிறவர்களும் தலை நிமிர நேரமில்லாமல் இருந்தார்கள்.

சாத்தையன் அந்தப் பக்கமே போகவில்லை. ஊருக்கு வெளியே புன்னை மரங்களுக்கு நடுவில் இருந்த குருவின் குடிலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். அந்தக் கோட்டையில் ஒன்பது வருடம் காவல் இருந்துவிட்டு, போன வருடம்தான் ஊர் திரும்பியவன் அவன். வந்த நாளிலிருந்து விடிந்ததும் இங்கே வந்துவிடுவான். வீட்டில் கையையும் காலையும் எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

குரு அவனைவிட இளையவர். தாடிகூட இன்னும் கறுப்பு. சாத்தையனை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். அவன் அவரைச் "சாமி" என்பான். இருவருக்கும் அதில் குறை இல்லை.

"சாமி, ஒன்னு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"மறுபடியும் கோட்டைக்கு வரச் சொல்றாங்க. காவலுக்குத் தலைவனா. அந்த இடம் பழகினவன் வேணுமாம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"போயிரலாம்னு தோணுது." கோடரியைக் கீழே வைத்தான். "அங்க இருந்தப்போ வீட்டையே நெனச்சுக்கிட்டுக் கிடந்தேன். இப்ப வீட்டுல படுத்துக்கிட்டு அந்தக் கோட்டைச் சுவரை நெனச்சுக்கிட்டுக் கிடக்கிறேன். அங்கயாவது என்னை மாதிரி நாலு பேர் இருப்பாங்க."

குரு பதில் சொல்வதற்குள் குதிரைச் சத்தம் கேட்டது. படைத்தலைவர் பல்லவராயர் வந்து இறங்கினார்.

சாத்தையனின் முகம் இறுகியது. கப்பலேறிய அன்று கரையில் நின்று, "அடுத்த காற்றுக்கு மாற்று ஆள் வந்துரும்" என்று எல்லோரிடமும் சொன்னவர் இவர்தான். அடுத்த காற்று வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. மாற்று ஆள் வரவில்லை. காய்ச்சலில் செத்தவர்களைக் கடலைப் பார்க்கக் கிடத்திப் புதைத்தவன் சாத்தையன். அத்தனை பேருடைய பெயரும் அவனுக்கு மனப்பாடம்.

"என்ன வேலையா, சாமி இருக்காரா?" என்றார் ராயர்.

"வேலையன் இல்லீங்க, சாத்தையன்."

"ஆமாமா, சாத்தையன்." அவர் அவனைத் தாண்டிப் போய்க் குருவின் முன்னால் உட்கார்ந்தார்.

"சாமி, ராஜா ஒரு வரையறை கேக்கிறார். கோட்டைக்குப் போறவனை எத்தனை வருஷம் வச்சிருந்து திருப்பி அழைக்கலாம்? சபையில ஒருத்தர் ரெண்டுங்கிறார், ஒருத்தர் அஞ்சுங்கிறார், இன்னொருத்தர் பத்துங்கிறார். போனவனுக்கு முதல் வருஷம் அந்த ஊர்த் தண்ணியே ஒத்துக்காது. அப்புறம்தான் அங்கத்துப் பேச்சு வாயில வருது. அதுக்கப்புறம்தான் உருப்படியாக் காவல் காக்கிறான். அந்த நேரத்துல மாத்தினா நமக்குத்தான் நஷ்டம்."

சாத்தையன் ஏதோ முணுமுணுத்தான்.

"என்னப்பா சொன்னே?"

"வெறகு ஈரம்னு சொன்னேன்."

குரு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பசிக்குது. அண்ணே, உங்க வீட்டுல இன்னிக்கு எங்களுக்குச் சோறு கிடைக்குமா?"

சாத்தையன் திகைத்தான். குரு எவர் வீட்டுக்கும் போனதில்லை. "வாங்க சாமி" என்றான். ராயருக்கு விருப்பமில்லை. ஆனாலும் பதில் வாங்காமல் அரண்மனைக்குத் திரும்ப முடியாது. கூடவே நடந்தார்.

சாத்தையனின் மனைவி கண்ணாத்தாள் வாசலில் மூன்று பேரைப் பார்த்ததும் பதறிப்போனாள். "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா" என்று கணவனிடம் மெல்லச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு வாழையிலை அறுக்க ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மூன்று இலை விரிந்தது. கீரைக் குழம்பு, சுட்ட அப்பளம், மோர். நடு இலையில் சாத்தையன் உட்கார்ந்தான்.

குரு சாப்பிட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"மூலையில ரெண்டு கும்பா துலக்கிக் கவுத்திருக்கே. யாரோடதும்மா?"

"ஒன்னு எனக்கு. ஒன்னு என் மகளுக்குங்க."

"அண்ணனுக்கு?"

கண்ணாத்தாள் குழம்புச் சட்டி பக்கம் திரும்பிக்கொண்டாள். சாத்தையனே சொன்னான், கொஞ்சம் பெருமையாக: "எனக்கு வந்த நாள்லேருந்து இலைதான் சாமி. ஒரு வேளை தப்பினதில்லை. கடல் தாண்டிப் போயிட்டு வந்தவன்னு ஒரு மரியாதை."

சொல்லி முடித்ததும் அவன் கை சோற்றிலேயே நின்றது. அந்தத் தெருவில் வீட்டு ஆட்களுக்கு ஆளுக்கொரு வெண்கலக் கும்பா. அதில்தான் சோறு. இலை, வந்து போகிறவர்களுக்கு. சின்ன வயதிலிருந்து அவனுக்குத் தெரிந்த வழக்கம்தான் அது.

"அவர் கும்பா இல்லையாம்மா?" என்றார் குரு.

"இருக்குங்க. பரண் மேல. பயறு விதை போட்டு வச்சிருக்கேன்."

"எப்ப மேல போச்சு?"

கண்ணாத்தாள் அகப்பையைப் பிடித்தபடி யோசித்தாள். "அவரு போன புதுசுல மூணையும் சேர்த்துத்தான் துலக்குவேன். சோறு படாத கும்பாவை எதுக்குடி புளி போட்டுத் தேய்க்கிறேன்னு தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும்னு தேய்ப்பேன். அப்புறம் ஒருநாள் விதை போட ஏனம் இல்லை. கைக்கு அதுதான் கிடைச்சுது."

ராயர் சட்டென்று நிமிர்ந்தார். அவருக்கு வேண்டியது இங்கேதான் இருந்தது.

"அது எத்தனாவது வருஷம்? ரெண்டா, மூணா?"

"தெரியலீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ராஜாவுக்குச் சொல்லணும்."

"துலக்குறதை நிறுத்துறேன்னு அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா, நிறுத்தியிருக்க மாட்டேங்க."

ராயரின் இலையில் மோர் ஓரம் நோக்கி ஓடியது. அவர் அதைத் தடுக்கவில்லை.

"அப்ப நான் என்ன பண்றது சாமி? நானூறு பேர் போறாங்க. வீடு வீடாப் போயிக் கேக்கவா?"

"ஆள் எடுக்கறப்போ வீடு வீடாத்தானே போனீங்க" என்றார் குரு.

ராயர் குனிந்துகொண்டார்.

சாத்தையன் மனைவியைப் பார்த்தான். "நான்தான் வந்துட்டேனே. ஏன் கும்பாவை இறக்கலை?"

"நீங்க கேக்கலையே."

"என் வீட்டுல நான் கேக்கணுமா?"

"பானை முன்னாலதான் இருக்கு. 'கொஞ்சம் தண்ணி கிடைக்குமா'ன்னுதான் கேக்கிறீங்க. காலையில கிளம்புறப்போ வாசல்ல நின்னு, 'போயிட்டு வர்றேம்மா'ங்கிறீங்க, ஊர்ப் பொம்பளைகிட்டச் சொல்ற மாதிரி." அவள் குரல் உயரவில்லை. "கப்பலுக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு தெருவே பேசுது. நீங்க சொல்லலை. எந்த தைரியத்துல நான் கும்பாவை இறக்குறது? இன்னொரு தடவை யாரு துலக்குறது?"

சாத்தையன் ராயர் பக்கம் திரும்பினான். ஒன்பது வருடக் கோபம் ஒரு குன்றிமணி குறையாமல் அப்படியே இருந்தது. ஆனால் இந்தக் கூரைக்குக் கீழே அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை.

"சரி வேலையா, நீயாவது சொல்லு" என்றார் ராயர். "வர்றியா, இல்லையா?"

இந்த முறை அவன் பெயரைத் திருத்தவில்லை. குருவைத்தான் கேட்டான்.

"நீங்க சொல்லுங்க சாமி. போகவா, இருக்கவா?"

குரு கடைசிக் கவளத்தை உண்டு முடித்தார். எழுந்திருக்கவில்லை. சாப்பிட வந்தவர் தன் இலையில் கை வைப்பது அந்தத் தெருவில் வழக்கமில்லை. வீட்டு ஆள் எடுப்பார். அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டும். ராயரும் உட்கார்ந்திருந்தார். சாத்தையனும் அவர்களைப் போலவே உட்கார்ந்திருந்தான்.

"நாங்க ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சு அண்ணே" என்றார் குரு. "இலையை எடுக்கிறது யாரு?"