குளமா, குட்டையா

குளத்தில் விட்ட தவளை முட்டைகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. மூன்று பானை முட்டை. இருபது நாள் ஆகியும் ஒரு தலைப்பிரட்டை கண்ணில் படவில்லை.

விட்டவன் திருமேனி. ஏர் பிடித்துச் சலித்து, தலை நரைத்த பிறகு மடத்துக்கு வந்தவன்.

தவளைச் சத்தம் இல்லாத மழை குருவுக்கு மழையே இல்லை. அது ஊருக்குத் தெரியும். "குளம், குட்டை, இரண்டில் ஒன்றைத் தவளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றது எங்களுக்கு" என்றார்கள். குரு, "நீயே பார்த்துச் சொல்" என்று திருமேனியிடம் விட்டுவிட்டார்.

அவன் குளத்தைச் சொன்னான். கோடையிலும் வற்றாத குளம். குட்டை வெறும் எருமைச் சேறு. அதை மூடிக் களம் போட நாளை மண் வண்டி வருகிறது. மண்ணுக்கடியில் போய்விடுமே என்றுதான் முட்டைகளை அள்ளிக் குளத்தில் விட்டான்.

"தண்ணீரில் என்ன குறை, சாமி?"

"ஒரு குறையும் இல்லை. வா."

குளத்துப் படியில் உட்கார்ந்து குரு ஒரு பிடி சோறு போட்டார். கெளுத்தியும் கெண்டையும் மொய்த்துத் தண்ணீர் கொதித்தது.

"தினம் சோறு போடுகிறாயோ?"

"நமக்கே கஞ்சிதானே, சாமி."

"பிறகு எதைத் தின்று இப்படிக் கொழுத்தது?"

திருமேனி படியில் குந்திவிட்டான். கண் கலங்கிவிட்டது.

குரு அவன் தோளைத் தொட்டார். "தெரியாமல் செய்தாய். எழு, குட்டைக்குப் போவோம்."

எருமைக் குளம்பு பதிந்த பள்ளமெல்லாம் தலைப்பிரட்டை. அவன் அள்ளியதில் தப்பியவை. சிலவற்றுக்குப் பின்னங்கால்கூட முளைத்திருந்தது.

திருமேனி அப்படியே ஊருக்குள் ஓடினான். குளத்தை எடுத்துக்கொண்டு குட்டையைத் தரும்படி கேட்டான்.

ஊர்ப் பெரியவர் காளிங்கன் சிரித்தார். "குளத்தைக் கொடுத்துச் சேற்றை வாங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். கோடை பிறந்தால் அங்கே ஒரு சொட்டு இருக்காதே, ஐயா. சரி, வைத்துக்கொள்ளும். களம் வேறு இடத்தில் போடுகிறோம். மீன் எங்களுக்கு."

அவன் திரும்பியபோது குரு குட்டைக் கரையிலேயே நின்றிருந்தார்.

"கொடுத்துவிட்டார்கள், சாமி."

"ம்."

"குளத்துக்கு ஊரே காவல். இதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு மீன் அண்டாமல் இந்தக் குஞ்சுகளை இத்தனை காலம் காத்தது யார்?"

குரு துண்டை எடுத்து நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"சித்திரை வெயில்."