குளத்தங்கரைப் பிரிவு

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்திரண்டு. தாடியும் கமண்டலமும் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே மன்னித்துவிடுங்கள். குரு இட்லி மாவு விற்கிறவர், பெயர் நாகமணி. சீடர் பஞ்சாலையில் முப்பது வருஷம் அறுந்த நூலை ஒட்டி ஓய்வு பெற்றவர்; பெயர் வெள்ளிங்கிரி.

கோவையில் ஒரு பூங்காவில் ஞாயிறுதோறும் காலை ஆறரைக்குக் குழந்தைகள் ஓடுவார்கள். நாலு வயதிலிருந்து பதினாலு வரை, இரண்டு கிலோமீட்டர். பரிசு எதுவும் கிடையாது. நடத்துகிறவர்கள் எல்லோரும் தாமாக வந்து உதவுகிறவர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுப்பவர் நாகமணி. அவருடைய சொந்த வேலை, கடைசிக் குழந்தைக்குப் பின்னால் நடந்து வருவது.

வெள்ளிங்கிரிக்குக் கிடைத்தது இன்னும் லேசான வேலை. குளத்தங்கரை முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் ஓட்டம் முடியும் இடம். வலது பக்கம் போனால் சின்ன கேட், அதைத் தாண்டினால் பஸ் ஓடுகிற ரோடு. கேட்டைப் பூட்டினால் வாக்கிங் வருகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் அந்தப் பிரிவில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் கையை இடது பக்கம் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

“எதுக்காகவும் நகர வேண்டாமுங்கண்ணா” என்று நாகமணி சொல்லியிருந்தார். வெள்ளிங்கிரி பெரிதாகத் தலையாட்டியிருந்தார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மூன்றாவது ஞாயிறு. இடது பக்கப் பாதையில், செம்பருத்திப் புதருக்கு அந்தப் பக்கம், ஒரு பெண் குழந்தை விழுந்து வீரிட்டது. நூல் அறுந்தால் ஓடிப் பழகிய கால்கள்; வெள்ளிங்கிரி ஓடிவிட்டார். குழந்தையைத் தூக்கி, முட்டியை ஊதி, “ஒண்ணுமில்ல கண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ரோட்டில் ஒரு பஸ் பிரேக் போட்டுக் கிறீச்சிட்டது.

பிரிவில் ஆளைக் காணாமல் எட்டுக் குழந்தைகள் வலது பக்கம் போயிருந்தார்கள். முதலில் ஓடியவனுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்தது. வெள்ளிங்கிரி போய்ச் சேர்ந்தபோது நாகமணி எட்டுப் பேரையும் கேட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். யாருக்கும் கீறல்கூட இல்லை. வெள்ளிங்கிரிக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எல்லோரும் போன பிறகு அவர் நாகமணியிடம் வந்தார்.

“நான் இனி வரலீங்க அம்மணி.”

“அடுத்த வாரமும் அதே இடந்தானுங்கண்ணா.”

“ஒரு குழந்தை விழுந்து அழுதா நான் என்ன பண்றது? போறதா, நிக்கிறதா?”

நாகமணி ஆரஞ்சுச் சட்டையை மடித்து அவர் கையில் வைத்தார்.

“தொவச்சுக் கொண்டு வந்துருங்க.”

அந்த வாரம் வெள்ளிங்கிரிக்குச் சோறு இறங்கவில்லை. எந்தத் தெருவில் எந்த வண்டி பிரேக் போட்டாலும் நின்று திரும்பிப் பார்த்தார். சட்டையை மூன்று முறை துவைத்தார். புதன்கிழமை பொறுக்க மாட்டாமல் மாவுக்கடைக்கே போய்விட்டார்.

“போறதா, நிக்கிறதா? அதை மட்டும் சொல்லிருங்க அம்மணி.”

“ஒரு கிலோவுங்களா, ரெண்டு கிலோவுங்களா?” என்றார் குரு.

சீடர் இரண்டு கிலோ மாவோடு வீடு திரும்பினார். வீட்டில் ஏற்கெனவே மாவு இருந்தது. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஞாயிறு வந்தது. வராமல் இருந்துவிடலாம் என்று ஐந்து மணிவரை நினைத்தார். ஐந்தேகாலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெரிய பிள்ளைகள் முதலில் வந்து, நீட்டிய கையைப் பார்த்து இடது பக்கம் பறந்தார்கள். அப்புறம் நடுத்தரம். அப்புறம் ஒரு பெரிய கும்பல், கரையில் வந்துகொண்டிருந்தது. அந்தக் கும்பலின் வாலில் ஓடிய மஞ்சள் பனியன் பையன் தடுக்கி விழுந்தான். பிரிவிலிருந்து அறுபது அடி தூரம். ஒரு பக்கம் குளத்துத் தண்ணீர்.

பையன் எழப் பார்த்தான். முடியாமல் உட்கார்ந்து, “அம்மா!” என்று கதறினான்.

வெள்ளிங்கிரியின் கால் தானாக ஓர் அடி வலது பக்கம் விலகியது. கும்பலில் முதலில் வந்த சிறுமி அந்தக் காலைப் பார்த்து வலது பக்கம் திரும்பினாள்.

“லெப்ட்டு கண்ணு! லெப்ட்டு!”

காலை இழுத்துக்கொண்டார். சிறுமி இடது பக்கம் திரும்பினாள். பின்னால் வந்தவர்களும் திரும்பினார்கள். நீட்டிய கை நடுங்கியது. நடுங்கினால் என்ன, இடது பக்கம்தானே நடுங்குகிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டார்.

“எந்திரி சாமி! அங்க பாரு, அக்கா வர்றாங்க!” என்று கத்தினார்.

அக்கா வந்துகொண்டுதான் இருந்தார், கரையின் மறுகோடியில். அவருக்கு முன்னால் ஆறு வயது தன்ஷிகா. பத்தடிக்கு ஒரு தரம் நின்று, குனிந்து, ஷூவின் பட்டையைப் பிய்த்து மறுபடி ஒட்டுகிற பிள்ளை. அவள் நின்றால் நாகமணியும் நின்றார். நடந்தால் நடந்தார்.

பையன் கதறிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். இடது பக்கம். இன்னும் ஒருத்தி. இடது பக்கம். தன்ஷிகா மறுபடி நின்றாள். வெள்ளிங்கிரிக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. கோபத்துக்குள்ளேயும் பயம்தான் இருந்தது.

ஒருவழியாக நாகமணி பையனிடம் வந்து சேர்ந்தார். பாட்டில் தண்ணீரை ஊற்றி முட்டியைக் கழுவி, கைக்குட்டையைக் கட்டினார். மூன்று பேருமாகப் பிரிவுக்கு வந்தார்கள். சிராய்ப்புதான். பையன் விக்கிக்கொண்டே இருந்தான். தன்ஷிகா ஷூவைப் பார்க்கக் குனிந்தாள், எல்லோரும் நின்றார்கள்.

“அவன் அழுதது உங்களுக்குக் கேக்கலீங்களா?”

“கேட்டுச்சுங்கண்ணா.”

“கேட்டும் நடந்தா வர்றீங்க? ஓடி வந்திருந்தா ஒரு நிமிஷம் ஆகுமா?”

“நான் ஓடி வந்துட்டா தன்ஷிகாவுக்குப் பின்னாடி யாருங்க இருப்பாங்க?”

வெள்ளிங்கிரி நாகமணியின் தோளுக்கு அப்பால் கரையைப் பார்த்தார். ஒரு ஆள் இல்லை.

“அப்ப உங்களுக்குப் பின்னாடி யாரு அம்மணி?”

“யாரும் இல்லீங்க.”

தன்ஷிகா நிமிர்ந்தாள். மற்ற ஷூவைப் பார்த்தாள். அதற்கும் குனிந்தாள்.

“போன வாரம் தூரத்துல இருந்து பார்த்தா, பிரிவுல உங்களைக் காணோம்” என்றார் நாகமணி. “பிரேக் சத்தம் வேற. நான் ஓடிட்டேனுங்கண்ணா. நீங்க எட்டுப் பேரைத்தான் பார்த்தீங்க. இந்தப் புள்ளை அங்க தண்ணி ஓரத்துல தனியா நின்னுட்டிருந்துச்சு.”

அவர் தன்ஷிகாவின் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“இன்னைக்கும் அங்க இருந்துதான் பார்த்தேன். உங்க கை தெரிஞ்சுது. அதனால நடந்தேன்.”