சுழலாத நட்சத்திரம்

ஹைட்ரஜன் நிறைந்த குழாயின் வாயருகே எரியும் குச்சியைக் கொண்டுபோனால் ‘டப்’ என்று ஒரு சத்தம். தென்காசிப் பள்ளிக்கூடத்தில், பதின்மூன்று வயதில் கேட்டது. அதைவிடப் பெரிய ‘டப்’ ஒன்றைத் தேடித்தான் சங்கரவடிவு, ஆசிரியர் வேலையில் விருப்ப ஓய்வு பெற்ற பிறகு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். இப்போது வயது அறுபத்தொன்று. வழிகாட்டி ரெஜினாவுக்கு முப்பத்தாறு.

ஆராய்ச்சி நியூட்ரான் நட்சத்திரத்தைப் பற்றியது. ஓர் ஊர் அளவே இருக்கும். பக்கத்து நட்சத்திரத்தின் வாயு அதன்மேல் வந்து படியும். திடீரென்று ஏதோ ஒரு மூலையில் பற்றும். சில நொடிகளில் தீ முழுவதும் ஓடிவிடும். அந்த ஓட்டத்தைக் கணினியில் காட்ட வேண்டும். சங்கரவடிவின் தீயோ பற்றும், அணையும். பதினோரு முறை அணைந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் பல்கலைக்கழகம் பெயரை நீக்கிவிடும்.

புதன்கிழமை காலை ரெஜினாவின் அறைக்குள் ஃபிளாஸ்கும் கையுமாக நுழைந்தார்.

“மறுபடியும் அணைஞ்சிட்டு மேடம்.”

“சுழற்சி எவ்வளவு வச்சீங்க டீச்சர்?”

“முதல்லயே எடுத்துட்டேன்.”

“எதை?”

“சுழற்சியைத்தான். நட்சத்திரம் நொடிக்கு அறுநூறு சுத்து சுத்துனா தீ எப்படிப் போகும்? போற தீயை அது புடிச்சுப் புடிச்சுல்லா வளைக்குது. எடுத்துட்டா தடையில்லாம ஓடும்லா?”

“ஓடுச்சா?”

“அதான் அணைஞ்சிட்டுங்கேன்!”

ரெஜினா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சங்கரவடிவுக்கு அதைப் பார்த்ததும் பொங்கிவிட்டது.

“நீங்களும் அதைத்தான் செய்யுதீங்க. முழு நட்சத்திரம்னேன், ஒரு துண்டு போதும்னீங்க. நாப்பது பக்கம் எழுதுனேன், முப்பதை அடிச்சீங்க. நாலு வருசம்! என்னை என் போக்குல விட்டிருந்தா எங்கேயோ போயிருப்பேன்.”

ரெஜினா ஃபிளாஸ்கைத் திறந்து டம்ளர் நிறையக் காப்பி ஊற்றினார். ஆவி பறந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த தட்டை எடுத்து, பாதியை அதில் கொட்டினார். அது விளிம்புவரை ஓடிப் பரவியது.

“என் காப்பி!”

“இருங்க டீச்சர்.”

ஐந்து நிமிடம் போனது. மின்விசிறி சுற்றியது.

“டம்ளரைத் தொடுங்க.”

சங்கரவடிவு தொட்டுவிட்டு வெடுக்கென்று விரலை எடுத்தார்.

“இப்ப தட்டை.”

ஆறிப்போயிருந்தது.

“தட்டுல தடையில்லாமத்தானே போச்சு? டம்ளர்தான் புடிச்சு வச்சிருக்கு,” என்றார் ரெஜினா.

சங்கரவடிவு டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்தார். வாய் சுட்டது. எழுந்து போய்ச் சுழற்சியைத் திரும்பப் போட்டார்.

அறுபத்திரண்டாவது வயதில் அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டில் இருந்தது நட்சத்திரத்தின் ஒரு துண்டு மட்டும்.