கிராம்புத் தீவுக்கு எந்த வாசல்?

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குப் பறவை வேண்டியிருந்தது.

மயில், கிளி எல்லாம் அரண்மனையில் ஏற்கெனவே மேய்ந்துகொண்டிருந்தன. இது வேறு. உடம்பெல்லாம் வெள்ளை, தலையில் மஞ்சள் கொண்டை. கடலுக்கு அப்பால் இருக்கும் கிராம்புத் தீவின் தூதர் மகரசேனர் கப்பலில் கொண்டுவந்தது. ராஜாவைக் கண்டதும் கொண்டையை விரித்து, "பேரழகன் வந்தான்" என்றது. அந்த அரண்மனையில் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை, மகாராணி உட்பட. ராஜா மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டு, கதவுக்கு வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் பறவை சலிக்காமல் சொன்னது.

பறவை ராஜாவுக்கே என்றார் தூதர். பதிலுக்கு, இந்த ஊரில் தான் தங்கியிருக்கும் வீட்டுக்கு ஒரே ஒரு பெயர் போதும் என்றார்.

அது என்ன பெயர் என்று சொல்வதற்கு முன்னால் அந்த ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அங்கே தெருவுக்குப் பெயர் கிடையாது. கோட்டை வாசலில் யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக்கோ கடைக்கோ ஒரு பெயரைப் பதிந்துகொள்ளலாம். முதலில் வந்தவருக்கு அந்தப் பெயர். வெளியூர்க்காரர் வாசலில் வந்து பெயரைச் சொன்னால், சேவகர் கையோடு கூட்டிப்போய் அந்த வீட்டில் விடுவார். அப்புறம் வீட்டுக்காரர் பாடு. வந்தவரை உட்காரவைக்க வேண்டும், மோர் கொடுக்க வேண்டும், சொல்வதைக் கேட்க வேண்டும். வந்தவராக எழுந்து "போய் வருகிறேன்" என்று சொல்லும்வரை எழுப்பக் கூடாது. எழுப்பினால் பெயர் பறிபோகும்.

'கிராம்புத் தீவு' என்ற பெயர் உமையாள் ஆச்சியிடம் இருந்தது. இளவயதில் கணவரோடு கப்பலேறி, வழியெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டே அந்தத் தீவுக்குப் போய் வந்தவர். வந்ததும் ஒரு விடுதி திறந்து, பெயரைப் பதிந்தார். தீவுக்குப் போகிறவர்களுக்குக் கப்பலில் இடம் பிடித்துக்கொடுப்பது, அங்கே எதைத் தின்னலாம், யாரிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புவது, இதுதான் தொழில். அதுவரை இந்த ஊர் கிராம்பு கப்பலிலேயே காய்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தது. பெயர் போனால் ஆச்சியின் வாசலை ஒரு பயணியும் கண்டுபிடிக்க முடியாது. விடுதியை இழுத்து மூட வேண்டியதுதான்.

சபைக்கு வந்த ஆச்சி சுற்றி வளைக்கவில்லை.

"நான் பதியும்போது இவுக எங்கே இருந்தாக ராசா? அந்தப் பேரை இந்த ஊர் வாயில் போட்டதே நான்தான்."

அது எங்கள் நாட்டின் பெயர், எங்கள் முன்னோர் வைத்தது, ஒரு விடுதிக்காரி வைத்துக்கொண்டிருப்பது எங்கள் அரசருக்கு அவமானம் என்றார் தூதர். தூதரிடம் ஏற்கெனவே ஒரு மூட்டை கிராம்பு வாங்கியிருந்த பிரதானி வச்சிரவேலர், முதலில் பதிந்தவருக்கே பெயர் என்பதெல்லாம் வெற்றிலைக் கடைகளுக்கான சட்டம், பெரிய மனிதர்களின் பெயர் பதியாமலே அவர்களுக்குத்தான் சொந்தம் என்று அடித்துப் பேசினார். ஆச்சியின் கண்ணில் நீர் முட்டியது.

ராஜாவுக்கு அழுகை ஆகாது. ஆனால் பறவையும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தவித்தவர் அரண்மனை விகடகவி கலியன் பக்கம் திரும்பினார்.

"கலியா, பறவையும் என்னிடம் இருக்க வேண்டும். பெயரும் ஆச்சியிடம் இருக்க வேண்டும். தூதரும் முகம் கோணக் கூடாது. ஏற்பாடு செய்."

பிரதானிக்கு வாயெல்லாம் பல். கலியன்மேல் அவருக்கு நெடுநாளைய எரிச்சல். சபையில் அவர் பேசினால் கொட்டாவி வரும், கலியன் பேசினால் சிரிப்பு வரும். காற்று திரும்பித் தூதரின் கப்பல் கிளம்புவதற்குள் கலியனால் இது முடியாவிட்டால், அதே கப்பலில் தீவுக்குப் போய் அங்கே பறவைக் கூண்டு கழுவட்டும் என்றார். ராஜா யோசிக்காமல் தலையாட்டினார். பறவை ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தது.

கலியன் தூதர் முன்னால் பணிவாக நின்றான்.

"தூதரே, பெயரை உங்களுக்கே பதிந்துவிடுவோம். கோட்டை வாசலில் வந்து கேட்பவர்கள் மட்டும் உங்களிடம் வந்தால் போதுமா? சந்தையில் கேட்பவர்கள் ஆச்சி வீட்டுக்குப் போய்விடுவார்களே."

"ஊரில் எங்கே கேட்டாலும் எம் வாசலுக்கே வர வேண்டும்," என்றார் தூதர்.

"யார் கேட்டாலுமா?"

"யாராக இருந்தாலும்."

"கேட்டால்தானா, அல்லது பெயரைச் சொன்னாலே போதுமா?"

"சொன்னாலே. எம் நாட்டுப் பெயர் எவர் வாயில் வந்தாலும் அவர் எம் வாசலில் நிற்க வேண்டும்."

அந்தச் சொற்களை அப்படியே எழுதவைத்து, ராஜாவின் முத்திரையையும் வாங்கினான் கலியன். பிரதானி கைதட்டினார். ஆச்சி கலியனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். அவன் ஆச்சியின் பின்னாலேயே போய், கோபம் இருக்கட்டும், அந்தப் பறவைச் சாதியைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டான். ஆச்சி முதலில் அவனை நாலு வார்த்தை திட்டினார். பிறகு சொன்னார்.

மறுநாள் காலை சேவகர்கள் ஆணையோடு ஊருக்குள் இறங்கினார்கள்.

முதலில் அகப்பட்டது மளிகைச் சந்தை. "கிராம்புத் தீவுக் கிராம்பு" என்று கூவிய வியாபாரிகள் கூடையோடு தூதர் வீட்டில் இறக்கப்பட்டார்கள். அடுத்தது பல்வலிக்காரர்கள். அந்த ஊரில் பல்வலி என்றால் கிராம்புத் தீவுத் தைலம்தான். கன்னத்தில் கை வைத்தபடி கடையில் தைலம் கேட்டவர்கள் எல்லாம் தூதரின் பளிங்குத் தரையில் வரிசையாக உட்கார்ந்து முனகினார்கள். ஒருத்தி புருஷனிடம், "கிராம்புத் தீவுக்கே போய்த் தொலை" என்றாள். திட்டியவள் அவள்தான் என்பதால் சேவகர்கள் அவளைத்தான் கூட்டிப்போனார்கள். அவளுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. அடுப்பு இல்லை, மாமியார் இல்லை, கேட்டால் மோர் வருகிறது. அவள் "போய் வருகிறேன்" என்று சொல்வதாகவே இல்லை.

சபையில் பிரதானி, கிராம்புத் தீவுத் தூதர் சௌக்கியமா என்று விசாரித்தார். அவரையும் கொண்டுபோய் விட்டார்கள். மோரைக் குடித்து, விடைபெற்று, ராஜாவிடம் முறையிட ஓடிவந்தார். என்ன அநியாயம் என்று விளக்க அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். திரும்பவும் கொண்டுபோய் விட்டார்கள். கடைசியில் பல்வலிக்காரர்கள் அவருக்கென்று ஓர் இடம் போட்டே வைத்தார்கள்.

ராஜா இதைக் கேட்டு ரசித்துக்கொண்டிருந்தார், சனிக்கிழமை வரும்வரை.

அன்று அவர் தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூண்டு. கலியன் வந்து சும்மா குசலம் விசாரித்துவிட்டு, மடியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்துப் பறவைக்கு நீட்டினான். ஆச்சி சொன்னது இதுதான். அந்தத் தீவில் இந்தப் பறவைகள் கிராம்பு மரத்தில் பிறந்து, படகோட்டிகளின் கூவலைக் கேட்டு வளர்கின்றன. கிராம்பை வாயில் வைத்தால், அது தீரும்வரை வேறு எந்தப் பேச்சும் வராது.

பறவை கிராம்பைக் கொறித்தது. கண்ணை மூடியது. பிறகு அரண்மனை அதிர, "கிராம்புத் தீவு, கிராம்புத் தீவு" என்று கூவியது.

வாசலில் நின்ற சேவகர்கள் உள்ளே வந்து, கும்பிட்டு, கூண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

"அடேய், என் கிராம்புத் தீவுப் பறவையை எங்கே கொண்டுபோகிறீர்கள்?" என்று ராஜா எழுந்தார்.

சேவகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமைச் சேவகர் தொண்டையைச் செருமினார்.

"மன்னிக்க வேண்டும் பிரபோ. 'யாராக இருந்தாலும்' என்று தங்கள் முத்திரை இருக்கிறது."

ராஜா எண்ணெய் சொட்டச் சொட்டப் பல்லக்கில் போனார்.

தூதர் வீட்டில் கால் வைக்க இடமில்லை. மிளகாய் நெடி, தைல நாற்றம், முனகல். ஓரத்தில் பிரதானி. ராஜாவை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் மகரசேனர் தடுமாறினார். ராஜா மோர் கேட்டார். மோர் தீர்ந்து காலையிலேயே ஆள் போயிருக்கிறது என்றார்கள். அந்த நேரம் பார்த்துக் கூண்டிலிருந்த பறவை, கோவணத்தோடு வழுக்கி வழுக்கி நின்ற ராஜாவைக் கண்டு, கொண்டையை விரித்தது.

"பேரழகன் வந்தான்."

பல்வலிக்காரர்களால்கூடத் தாங்க முடியவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராஜா தன்னைக் குனிந்து பார்த்தார். பிறகு அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

தூதர் மட்டும் சிரிக்கவில்லை. கலியன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெயரை ஆச்சியே வைத்துக்கொள்ளட்டும். பறவையை மகாராஜா வைத்துக்கொள்ளட்டும். இவர்களை மட்டும் எழுப்பிவிடும் ஐயா."

கலியன் வாசலைப் பார்த்தான். ஆச்சி தயாராக நின்றிருந்தார்.

"எல்லாரும் எந்திரிச்சு வாங்க. நம்ம வீட்டில் இலை போட்டாச்சு. பல்வலிக்காரகளுக்குக் குழைய வடிச்ச சாதம்."

"போய் வருகிறோம்" என்று ஒரே குரலாக எழுந்தது கூட்டம். புருஷனைத் திட்டியவள்கூட எழுந்துவிட்டாள். தூதர் பளிங்குத் தரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆச்சிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. தீவு அரசரைப் பார்க்க, அனுமதி வாங்க என்று வருகிறவர்களை இனிமேல் நேரே இங்கே அனுப்பிவைக்கிறேன், இதை அன்றைக்கே கேட்டிருந்தால் மோராவது மிச்சமாகியிருக்கும் என்றார். தூதரின் முகக்கோணலும் நேரானது.

ராஜா அங்கேயே பழைய ஆணையைக் கிழித்தார். கலியனுக்கு முத்துமாலை போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். கோட்டை வாசலில் நானும் ஒரு பெயர் பதியப்போகிறேன், அதற்குத் தங்கள் கையெழுத்து போதும் என்றான். அவ்வளவுதானா என்று ராஜா எண்ணெய்க் கையாலேயே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் பிரதானி வச்சிரவேலர் வியர்க்க விறுவிறுக்கச் சபைக்கு ஓடிவந்தார். தன்னைப் பார்க்க வெளியூரிலிருந்து பலாப்பழமும் பட்டுமாக வருகிறவர்கள் ஒருவர்கூட வீட்டுக்கு வந்து சேரவில்லையாம். வாசலில் "பிரதானி" என்று கேட்டால் சேவகர்கள் எல்லாரையும் கலியன் வீட்டில் விடுகிறார்களாம்.

"பிரபோ, அது என் பெயர்," என்றார் பிரதானி.

வாய் நிறையப் பலாச்சுளையோடு நின்றிருந்த கலியனைப் பார்த்தார் ராஜா. பறவையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்:

"அவன் பதியும்போது நீர் எங்கே இருந்தீர்?"